முங்கத் தெரிந்த கப்பல்: யு-505 எப்படி ஓடியது, எப்படிச் சிக்கியது

யு-505 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைப் புரிந்துகொள்ள முதலில் இரண்டு எண்கள் வேண்டும். நீரின் மேலே மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போனால், ஒருமுறை நிரப்பிய எண்ணெயில் அது 13,450 கடல் மைல் ஓடும். நீருக்குள்ளே மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் போனால் 63 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.85 கிலோமீட்டர். அதாவது மேலே ஏறக்குறைய 25,000 கிலோமீட்டர், உள்ளே 117 கிலோமீட்டர்.

சினிமாக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீர்மூழ்கி என்றால் எப்போதும் ஆழத்தில் ஓசையில்லாமல் போய்க்கொண்டே இருப்பது என்றுதான் பலரும் நினைக்கிறோம். இன்றைய அணுசக்தி நீர்மூழ்கிகள் அப்படித்தான், மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரின் நீர்மூழ்கி வேறு ரகம். அது மேலே ஓடுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல், ஆபத்து வந்தால் கொஞ்ச நேரம் முங்கத் தெரியும், அவ்வளவே. அதன் பலமும் அங்கேதான், அதைக் கடைசியில் கவிழ்த்ததும் அதுதான். யு-505-இன் கதையில் இது மற்ற எந்தப் படகையும்விடத் தெளிவாகத் தெரியும். அந்தப் படகு எதிரியின் கையில் முழுசாகச் சிக்கி, இன்றும் சிகாகோவில் நிற்கிறது என்பது கூடுதல் வசதி.

ஜெர்மன் கடற்படை அதிகமாகக் கட்டியது 'ஏழாம் வகை' நீர்மூழ்கிகளை. வட அட்லாண்டிக்கில் சண்டை போட அவை போதும். ஆனால் ஆப்பிரிக்கக் கரை, கரீபியன், தென் அட்லாண்டிக் என்று எண்ணெய் நிரப்ப இடமில்லாத தூரங்களுக்குப் போக இன்னும் பெரிய படகு தேவைப்பட்டது. அதுதான் 'ஒன்பதாம் வகை'. யு-505 அதில் 'சி' பிரிவு. ஹாம்பர்க் நகரின் டாய்ச்ச வெர்ஃப்ட் கப்பல் கட்டும் தளத்தில் 1940 ஜூனில் வேலை தொடங்கி, 1941 மே மாதம் நீரில் இறக்கி, ஆகஸ்ட் 26-ல் கடற்படையில் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் நேதாஜி ஜெர்மன் நீர்மூழ்கியில் போனதாகப் படித்திருப்போமே, 1943-ல் கீல் துறைமுகத்தில் இருந்து அவரை மடகாஸ்கர் பக்கம்வரை கொண்டுபோய் ஜப்பானிய நீர்மூழ்கியில் மாற்றிவிட்ட யு-180-உம் இதே ஒன்பதாம் வகைக் குடும்பம்தான். அவ்வளவு தூரம் போகக்கூடிய படகுகள் இவை.

சரி, ஒரு இரும்புப் படகு எப்படி முங்குகிறது, எப்படி மறுபடி மேலே வருகிறது?

யு-505-க்கு இரண்டு உடல்கள். உள்ளே இருப்பது அழுத்தம் தாங்கும் உருளை. நீளம் 58.75 மீட்டர், அகலம் 4.4 மீட்டர். ஆட்கள், எஞ்சின், பேட்டரி எல்லாம் இதற்குள். இதைச் சுற்றி, கப்பல் வடிவத்தில், மெல்லிய தகடால் ஆன வெளி உடல். அதையும் சேர்த்தால் மொத்த நீளம் 76.76 மீட்டர். வெளி உடல் அழுத்தம் தாங்கத் தேவையில்லை, ஏனென்றால் முங்கும்போது அதற்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடும். அழுத்தத்தைத் தாங்க வேண்டியது உள் உருளை மட்டும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் ஏறக்குறைய ஒரு டன் சுமை கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டரில் சதுர மீட்டருக்கு 100 டன். அதைத் தாங்கியது ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தடிமன் கொண்ட எஃகு. உருளை வடிவம் ஏன் என்பதற்கும் இதுவே பதில். வட்டத்தில் சுமை எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும், தட்டையான சுவர் என்றால் நடுவில் அமுங்கிவிடும்.

முங்கும் வித்தை இரண்டு உடல்களுக்கும் நடுவில் உள்ள தொட்டிகளில் இருக்கிறது. ஒரு குடத்தைக் கவிழ்த்து நீருக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே காற்று மாட்டிக்கொள்வதால் தண்ணீர் ஏறாது, குடம் மேலே தள்ளும். இப்போது குடத்தின் அடியில், அதாவது இப்போதைய உச்சியில், ஒரு ஓட்டை போட்டால்? காற்று சீறிக்கொண்டு வெளியேறும், கீழிருந்து தண்ணீர் ஏறும், குடம் போய்விடும். நீர்மூழ்கியின் தொட்டிகளும் அப்படித்தான். கீழ்ப்பக்கம் கடலுக்குத் திறப்பு, மேல்பக்கம் வால்வு. வால்வு மூடியிருக்கும்வரை காற்று படகைத் தாங்கும். அதைத் திறந்தால் முங்கும். மேலே வர வேண்டுமானால் வால்வை மூடிவிட்டு, உருளைகளில் அடைத்து வைத்த அழுத்தக் காற்றைத் தொட்டிக்குள் செலுத்தி நீரைக் கீழே தள்ள வேண்டும். அழுத்தக் காற்று விலைமதிப்புள்ள பொருள், வீணடிக்கக் கூடாது. அதனால் படகு தலையை வெளியே நீட்டியதும், மிச்ச நீரைத் தள்ளும் வேலையை டீசல் எஞ்சினின் புகைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இது முரட்டு வேலை. இதற்கு மேல் நுணுக்கமான வேலை ஒன்று உண்டு, எடைச் சமநிலை. முங்கிய படகு மூழ்கவும் கூடாது, மிதக்கவும் கூடாது, நீரின் நடுவில் எடையே இல்லாததுபோல நிற்க வேண்டும். அப்போதுதான் மீனின் துடுப்புபோல இருக்கும் கிடைச் சுக்கான்களை லேசாகத் திருப்பி ஏறவும் இறங்கவும் முடியும். ஆனால் எடை மாறிக்கொண்டே இருக்கிறதே! சாப்பாடு தீர்கிறது. நீருக்குள் தானாகப் பாய்ந்துபோய் வெடிக்கும் டார்பிடோவை, ஒன்றரை டன் எடையுள்ளதை, சுட்டதும் முன்பக்கம் லேசாகிவிடும், உடனே அதற்கு ஈடாக நீரை உள்ளே விட வேண்டும். இல்லையென்றால் மூக்கைத் தூக்கிக்கொண்டு எதிரியின் கண்முன்னே மேலே வந்து நிற்கும். பொறுப்புப் பொறியாளர் நாள்தோறும் கணக்குப் போட்டுச் சின்னத் தொட்டிகளுக்கு இடையே நீரை மாற்றிக்கொண்டே இருப்பார். படகில் கேப்டனுக்கு அடுத்து முக்கியமான ஆள் அவர் என்பது என் கருத்து.

எண்ணெய்த் தொட்டிகளின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அவையும் வெளி உடலில்தான், அவற்றின் அடிப்பக்கமும் கடலோடு தொடர்பு கொண்டது. எண்ணெய் நீரைவிட லேசு என்பதால் மேலே நிற்கும், எஞ்சின் அதை மேலிருந்து எடுக்க எடுக்க, கடல் நீர் கீழே வந்து இடத்தை நிரப்பிவிடும். வெற்றிடமே இல்லை. எனவே ஆழத்தின் அழுத்தம் அந்த மெல்லிய தகட்டை நசுக்காது. சிக்கனமான யோசனை. ஒரே குறை, தொட்டியில் சின்ன ஓட்டை விழுந்தாலும் கடலின் மேல் எண்ணெய்க் கோடு விழும். அதைப் பிடித்துக்கொண்டே எதிரி வந்துவிடுவான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். முதலில் சொன்ன இரண்டு எண்களுக்கும் இடையே ஏன் அவ்வளவு பெரிய பள்ளம் என்பது இங்கேதான் விளங்கும்.

யு-505-இல் எம்.ஏ.என். நிறுவனத்தின் ஒன்பது சிலிண்டர் டீசல் எஞ்சின்கள் இரண்டு. சேர்ந்து 4,400 குதிரைத் திறன். நீரின் மேலே மணிக்கு 18.3 கடல் மைல் வேகம் தரும், சரக்குக் கப்பல்கள் பலவற்றைத் துரத்திப் பிடிக்கப் போதுமானது. ஆனால் டீசல் எரியக் காற்று வேண்டும். நீருக்குள் காற்று ஏது? மூடிய படகுக்குள் டீசலை ஓட்டினால் உள்ளே இருப்பவர்களின் மூச்சுக்காற்றைத்தான் அது குடிக்கும். அதனால் முங்கும் முன் டீசலை நிறுத்திவிட்டு மின் மோட்டார்களுக்கு மாறுவார்கள். இரண்டு மோட்டாரும் சேர்த்து 1,000 குதிரைத் திறன். வேகம் மணிக்கு 7.3 கடல் மைல், அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மின்சாரம் வருவது தரைக்கு அடியில் அடுக்கியிருந்த ஈய-அமில பேட்டரிகளில் இருந்து. காரில் இருக்கும் அதே தத்துவம், அளவுதான் வேறு. 4 கடல் மைல் வேகத்தில் 63 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 16 மணி நேரம். அதற்குப் பிறகு பேட்டரி காலி. மேலே வந்தே ஆக வேண்டும்.

மேலே வந்ததும் டீசலை ஓட்டி பேட்டரியை ஏற்றுவார்கள். அதற்குத் தனி ஜெனரேட்டர் கிடையாது. டீசல் எஞ்சின், மின் மோட்டார், உந்துசுழலி மூன்றும் ஒரே தண்டில் வரிசையாக இருக்கும், நடுவில் கிளட்ச். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் தண்டைச் சுழற்றும். டீசலை வைத்துத் தண்டைச் சுழற்றினால் அதே மோட்டார் மின்சாரம் தரும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அமெரிக்கர் ஒருவர் இதைத்தான் தலைகீழாகப் பயன்படுத்தப் போகிறார்.

இன்னொரு ஆபத்து, பேட்டரி அமிலத்தோடு கடல் நீர் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குழாய்க்குள் நச்சு வாயு. குண்டு விழுந்து நீர் ஒழுகும்போது மாலுமிகள் மூழ்குவதைவிட இதற்குத்தான் அதிகம் பயந்தார்கள்.

ஆயுதம்: முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என ஆறு டார்பிடோக் குழாய்கள். மொத்தம் 22 டார்பிடோக்கள், அவற்றில் பத்து அழுத்த உருளைக்கு வெளியே, மேல்தளத்துக்கு அடியில் இருந்த உறைகளில். கடல் அமைதியாக இருக்கும்போது மேலே வந்து, கப்பியும் சங்கிலியும் வைத்து அவற்றை உள்ளே இறக்க வேண்டும். எதிரி விமானம் அந்த நேரத்தில் வந்தால் என்ன ஆவது என்று கேட்காதீர்கள். மேல்தளத்தில் ஒரு 10.5 சென்டிமீட்டர் பீரங்கியும் இருந்தது. தனியாகச் சிக்கிய சிறு கப்பலுக்கு டார்பிடோ செலவழிக்கவா என்று நினைத்தால் அதைப் பயன்படுத்துவார்கள்.

இத்தனைக்கும் நடுவே ஐம்பது பேர், சில சமயம் அறுபது பேர். படுக்கை எல்லாருக்கும் கிடையாது, ஒருவர் வேலைக்கு எழுந்தால் இன்னொருவர் அதே சூட்டோடு படுப்பார். பயணம் தொடங்கும்போது இரண்டு கழிப்பறைகளில் ஒன்றில் உணவுப் பொருள் அடுக்கியிருக்கும். நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பூமத்திய ரேகைப் பக்கம் போனால் உள்ளே வெக்கை தாங்காது. மாதக்கணக்கில் இதில் இருந்துவிட்டு வந்தவர்களின் வாடையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

யு-505-இன் போர் வாழ்க்கையை இரண்டாகப் பிரிக்கலாம், 1942 நவம்பர் 10-க்கு முன், அதற்குப் பின்.

முதல் பாதி நல்ல காலம். பிரான்சைப் பிடித்த பிறகு அதன் அட்லாண்டிக் கரையில் ஜெர்மானியர்கள் பெரிய தளங்கள் அமைத்திருந்தார்கள். யு-505-இன் வீடு லோரியான். ஆக்செல்-ஓலாஃப் லோவே அதன் முதல் கேப்டன். 1942 பிப்ரவரியில் புறப்பட்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் பக்கம் சுற்றி, மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக நான்கு கப்பல்களை மூழ்கடித்தார். பென்மோர் பிரிட்டனுடையது, சித்ஹாவ் நார்வே, வெஸ்ட் இர்மோ அமெரிக்கா, அல்ஃபாக்கா டச்சு. அடுத்து கரீபியன். அங்கே இரண்டு அமெரிக்கக் கப்பல்கள், அப்புறம் ரொவாமர் என்ற மூன்று பாய்மரக் கொலம்பியக் கப்பல். பாய்மரக் கப்பலை மூழ்கடிப்பது ஆகாது என்ற நம்பிக்கை மாலுமிகளிடம் உண்டு. பின்னால் நடந்ததை எல்லாம் அந்தக் கணக்கில் எழுதியவர்கள் யு-505-இல் இருந்தார்கள். லோவேக்குக் குடல்வால் நோவு வந்து, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார். புதிய கேப்டனாக பீட்டர் ட்ஷெக் வந்தார், இருபத்து நான்கு வயதுக்காரர்.

நவம்பர் 7-ல் ட்ஷெக் டிரினிடாட் பக்கம் ஓஷன் ஜஸ்டிஸ் என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். யு-505 மூழ்கடித்த எட்டாவது கப்பல், அதுவே கடைசியும்கூட. மூன்று நாள் கழித்து, நீரின் மேலே ஓடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையின் ஹட்சன் விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் பாய்ந்து குண்டுகளைப் போட்டது. ஒரு குண்டு நேராக மேல்தளத்தில் விழுந்து வெடித்தது. வெடிப்பின் வேகத்தில் விமானமும் சிதறிக் கடலில் விழுந்து, அதில் இருந்தவர்கள் அனைவரும் இறந்தார்கள். யு-505-இன் மேல்தளம் கிழிந்து, விமான எதிர்ப்புப் பீரங்கி பிய்த்துக்கொண்டு போய், அழுத்த உருளையிலும் நீர் புகுந்தது. படகைக் கைவிடுங்கள் என்று ட்ஷெக் சொல்ல, பொறியியல் பிரிவினர் மறுத்து, அடைத்துப் பார்க்கிறோம் என்று நின்றார்கள். அடைத்தார்கள். பல நாள் ஒட்டுப்போட்டு, டிசம்பரில் லோரியான் வந்து சேர்ந்தது. அவ்வளவு அடி வாங்கியும் துறைமுகம் திரும்பிய ஜெர்மன் நீர்மூழ்கி வேறில்லை என்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த விமானம் வந்தபோது படகு மேலே இருந்தது. பெரும்பாலான நேரம் இருந்ததைப் போல.

பழுது பார்க்க ஆறு மாதம் ஆனது. அந்த ஆறு மாதத்தில் போரின் போக்கே மாறிவிட்டது. அதுவரை நீர்மூழ்கிகளைக் காப்பாற்றியது இரவு. இருட்டில் மேலே வந்து பேட்டரி ஏற்றிக்கொள்ளலாம், வேகமாக ஓடலாம். இப்போது நேச நாட்டு விமானங்களில் சென்டிமீட்டர் அலை ரேடார் வந்துவிட்டது. ஜெர்மானியர்களிடம் இருந்த எச்சரிக்கைக் கருவியால் அந்த அலையை உணர முடியவில்லை. சரக்குக் கப்பல் கூட்டங்களோடு சின்ன விமானந்தாங்கிகள் கூடவே வரத் தொடங்கின. நீர்மூழ்கி பேசும் வானொலிச் செய்தியின் திசையை வைத்தே அது இருக்கும் இடத்தைக் கணித்தார்கள். 1943 மே மாதத்தில் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகள் போயின. தலைமைத் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கில் இருந்து படகுகளை அப்போதைக்குப் பின்வாங்கச் செய்தார்.

யு-505-ஓ கிளம்புவதும் திரும்புவதுமாக இருந்தது. எண்ணெய்த் தொட்டியில் பென்சில் கனத்துக்கு ஓட்டை, கருவிகளில் கோளாறு. லோரியான் தளத்தில் வேலை செய்த பிரெஞ்சுத் தொழிலாளர்களின் கைவரிசை என்று சந்தேகம். நண்பர்கள் சாக, இந்தப் படகு மட்டும் ஒன்றும் செய்யாமல் திரும்பித் திரும்பி வந்ததால் மற்றவர்கள் ட்ஷெக்கைக் கேலி செய்தார்கள். 1943 அக்டோபர் 24, அசோர்ஸ் தீவுகளுக்குக் கிழக்கே, எதிரிக் கப்பல்கள் நீருக்குள் இறங்கி வெடிக்கும் ஆழ்வெடிகளைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, படகுக்குள் எல்லார் முன்னிலையிலும் ட்ஷெக் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார். தாக்குதலுக்கு நடுவே இப்படி இறந்த வேறு நீர்மூழ்கிக் கேப்டன் இல்லை. அடுத்த நிலையில் இருந்த பவுல் மையர் பொறுப்பை எடுத்துக்கொண்டு, அந்தத் தாக்குதலைத் தாங்கி, படகை ஊர் சேர்த்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, பேச வேண்டும்.

அடுத்து வந்தவர் ஹரால்ட் லாங்கே. நாற்பது வயது, முன்பு வணிகக் கப்பலில் இருந்தவர், நிதானமான மனிதர். 1943 கடைசியில் பிஸ்கே விரிகுடாவில் மூழ்கிய டி-25 என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் மாலுமிகள் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கடலில் இருந்து அள்ளிக்கொண்டு வந்தார். 1944 மார்ச் 16-ல் பிரெஸ்ட் துறைமுகத்தில் இருந்து ஆப்பிரிக்கப் பக்கம் கிளம்பினார். அது கடைசிப் பயணம்.

மறுபக்கம் அமெரிக்கக் கேப்டன் டேனியல் கேலரி. குவாடல்கனால் என்ற சிறு விமானந்தாங்கியும், சட்டலேன், பில்ஸ்பரி உள்ளிட்ட ஐந்து துணைக் கப்பல்களும் அவர் கையில். இரண்டு மாதம் முன்பு, ஏப்ரலில், அவர் குழு யு-515 என்ற நீர்மூழ்கியை மடக்கியது. அடி தாங்காமல் அது மேலே வந்தது, ஆட்கள் குதித்தார்கள், கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு மூழ்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் யாராவது உள்ளே போயிருந்தால்? கேலரிக்கு வந்த யோசனை இதுதான். அடுத்த பயணத்துக்கு முன் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு குழுவை ஏறிப் பிடிக்கத் தயார்படுத்தினார். கடைசியாக அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் எதிரியின் போர்க்கப்பலைப் பிடித்தது 1815-ல். ஆளுக்கு ஆள் சிரித்திருப்பார்கள்.

யு-505 ஊர் திரும்பும் வழியில் எங்கே வரக்கூடும் என்று அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவு வானொலித் தடங்களை வைத்துக் கணித்துச் சொல்லியிருந்தது. 1944 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், காலை 11:09-க்கு சட்டலேன் கப்பலின் சோனாரில், அதாவது ஒலியை அனுப்பி நீருக்கு அடியில் தேடும் கருவியில், எதிரொலி கேட்டது. மிக அருகில். மேலே பறந்த வைல்ட்கேட் போர்விமானங்களில் இருந்து பார்த்தால் நீருக்கு அடியில் படகின் நிழலே தெரிந்தது. அந்த இடத்தைக் காட்ட விமானிகள் நீரில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். சட்டலேன் ஆழ்வெடிகளை இறக்கியது. சில நிமிடங்களில் யு-505 மேலே வந்துவிட்டது. சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டது, விளக்குகள் அணைந்தன, பின்பகுதியில் நீர் ஏறுகிறது என்று கத்தல். படகு போய்விட்டது என்று நினைத்த லாங்கே, ஆட்களாவது பிழைக்கட்டும் என்று மேலே ஏற்றினார். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். படகில் இருந்த 59 பேரில் ஒருவர்தான் இறந்தார், குண்டடி பட்ட லாங்கேயும் பிழைத்தார்.

ஆனால் அவசரத்தில் படகை மூழ்கடிக்கும் வேலை பாதியில் நின்றது. ஒரு குழாயின் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள், கடல் நீர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரை யாரும் நிறுத்தவில்லை. எனவே ஆளில்லாத படகு, சிக்கிய சுக்கானோடு, வலப்பக்கமாக வட்டமடித்துக்கொண்டே இருந்தது, பின்பக்கம் மெல்ல மெல்லத் தாழ்ந்தபடி.

பில்ஸ்பரியில் இருந்து லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் எட்டுப் பேர்கொண்ட குழுவோடு ஒரு மோட்டார் படகு கிளம்பியது. வட்டத்தின் குறுக்கே வெட்டி யு-505-ஐப் பிடித்து, தளத்தில் குதித்தார்கள். டேவிட், ஆர்தர் நிஸ்பெல், ஸ்டான்லி விடோவியாக் மூவரும் ஏணி வழியாக உள்ளே இறங்கினார்கள். உள்ளே ஜெர்மானியர்கள் துப்பாக்கியோடு காத்திருக்கலாம், வெடி வைத்திருக்கலாம், படகு எந்த நொடியும் மூழ்கலாம். யாரும் இல்லை. ஜெனான் லுக்கோஷியஸ் என்ற எஞ்சின் மாலுமி நீர் கொட்டும் இடத்தைக் கண்டுபிடித்து, கழற்றிப் போட்டிருந்த மூடியைத் தேடி எடுத்துப் பூட்டினார். மற்றவர்கள் வெடிகளின் கம்பிகளை அறுத்தார்கள், சங்கேதப் புத்தகங்களைச் சங்கிலிபோல நின்று கைமாற்றி மேலே அனுப்பினார்கள். நீர்மூழ்கிக்குள் அதற்கு முன் கால் வைக்காத ஆட்கள் இவர்கள். எந்த வால்வு எதற்கு என்று ஜெர்மன் எழுத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும்.

மோட்டாரை நிறுத்தினால் பின்பக்கம் இன்னும் தாழ்ந்தது. ஓடினால்தான் நீரின் விசை கிடைச் சுக்கான்களைத் தூக்கிப் பிடிக்கிறது. கட்டி இழுக்கப் பக்கத்தில் வந்த பில்ஸ்பரியின் பக்கவாட்டை யு-505-இன் கூரான கிடைச் சுக்கான் கிழித்துவிட்டது. கடைசியில் குவாடல்கனாலே வடம் போட்டு இழுத்தது. இப்போது ஏர்ல் ட்ரோசினோ வருகிறார், அந்தக் கப்பலின் எஞ்சின் அதிகாரி. படகுக்குள் தேங்கிய நீரை வெளியே இறைக்க வேண்டும், படகின் சொந்த பம்புகளுக்கு மின்சாரம் வேண்டும், பேட்டரி தீர்ந்துவிட்டது, டீசலை ஓட்டவோ பயம். அவர் செய்தது: டீசலின் கிளட்சை விடுவித்துவிட்டு, குவாடல்கனாலை வேகமாக இழுக்கச் சொன்னார். இழுபடும்போது நீரின் வேகத்தில் உந்துசுழலிகள் தாமாகச் சுற்றின, தண்டு சுற்றியது, மோட்டார் மின்சாரம் தந்தது, பேட்டரி ஏறியது, பம்புகள் ஓடின. எண்ணெய்ப் பிசுக்கில் தவழ்ந்து குழாய் குழாயாகத் தடவிப் பார்த்து இதைக் கண்டுபிடித்த மனிதர் அவர். வீரப் பதக்கக் கதைகளில் இவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

பதக்கம் டேவிட்டுக்கு வந்தது. அமெரிக்காவின் உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர், அட்லாண்டிக்கில் போரிட்ட கடற்படையினரில் அவர் ஒருவருக்கு மட்டும். கையில் வாங்குவதற்கு முன்பே, 1945 செப்டம்பரில் மாரடைப்பால் இறந்துவிட்டார்.

படகில் கிடைத்தவை: எனிக்மா சங்கேத இயந்திரங்கள், நடப்பு மாதத்துக்கான அமைப்புக் குறிப்புகள், கடல் வரைபடக் கட்டங்களின் சங்கேதம், கப்பலின் ஓசையைக் கேட்டுத் தானாகத் துரத்தும் புதிய டி-5 டார்பிடோ. கேலரிக்குப் பாராட்டு மழை பொழிந்திருக்கும் என்று நினைப்போம். வாஷிங்டனில் கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங் கொதித்துப்போய், கேலரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாமா என்று யோசித்தாராம். காரணம் இருந்தது. எனிக்மா செய்திகளை நேச நாடுகள் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தன. யு-505 முழுசாகச் சிக்கியது தெரிந்தால் ஜெர்மானியர்கள் சங்கேதத்தையே மாற்றிவிடுவார்கள், அத்தனை வருட உழைப்பும் போய்விடும். அதுவும் எந்த நேரத்தில்? இரண்டே நாளில், ஜூன் 6-ல், பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கப் போகின்றன.

எனவே படகை ஆப்பிரிக்கத் துறைமுகம் எதற்கும் கொண்டுபோகாமல், ஒற்றர் கண்ணில் படாத பெர்முடாவுக்கு அட்லாண்டிக்கைக் கடந்து இழுத்துப் போனார்கள். ஜூன் 19-ல் சேர்ந்தது. கேலரியின் குழுவில் இருந்த ஏறக்குறைய 3,000 மாலுமிகளும் வாய் திறக்கக் கூடாது என்று ஆணை. போர் முடியும்வரை விஷயம் கசியவில்லை. 3,000 பேர் என்பதை இன்னொரு முறை படியுங்கள். ஜெர்மானியர்கள் யு-505 மூழ்கிவிட்டதாகவே நம்பினார்கள். இதன் மறுபக்கம் அழகானதல்ல. பிடிபட்ட 58 பேரையும் லூசியானாவின் ரஸ்டன் முகாமில் மற்றக் கைதிகளோடு சேராமல் தனியாக அடைத்து, செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் காட்டவில்லை. வீட்டுக்குக் கடிதம் கிடையாது. உறவினர்கள் அவர்களை இறந்தவர்கள் கணக்கில் வைத்துவிட்டார்கள். ஜெனீவா உடன்படிக்கைப்படி இது தவறு.

ஆனாலும் கைதிகளானது அவர்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்கள் ஏறக்குறைய 40,000 பேர், திரும்பாதவர்கள் 28,000-க்கும் மேல். முங்கினால் 16 மணி நேரம் என்ற கணக்கு ரேடாருக்கு முன்னால் எடுபடவில்லை. போரின் கடைசியில் ஜெர்மானியர்கள் இதற்கு இரண்டு வழி கண்டார்கள். நீருக்கு அடியில் இருந்தபடியே டீசலுக்குக் காற்று இழுக்கும் ஷ்னார்கெல் குழாய் ஒன்று. பெரிய பேட்டரிகளோடு, மேலே ஓடுவதைவிட உள்ளே வேகமாக ஓடும் இருபத்தொன்றாம் வகைப் படகு இன்னொன்று. இரண்டாவது கிட்டத்தட்ட இன்றைய நீர்மூழ்கியின் மூதாதை, ஆனால் சண்டைக்கு வரும் முன்பே போர் முடிந்துவிட்டது.

போருக்குப் பின் யு-505 அமெரிக்காவின் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. குறிவைத்துச் சுட்டுப் பழகி மூழ்கடித்துவிடலாம் என்று திட்டம். சிகாகோக்காரரான கேலரியும் அவருடைய பாதிரியார் சகோதரரும் ஊரின் அறிவியல் தொழில்துறை அருங்காட்சியகத்தைப் பிடித்தார்கள். ஊர் மக்கள் பணம் திரட்டினார்கள். 1954-ல் செயின்ட் லாரன்ஸ் ஆறு வழியாக, மாபெரும் ஏரிகள் வழியாக இழுத்து வந்து, செப்டம்பர் மாத இரவு ஒன்றில் ஏரிக்கரைச் சாலையில் போக்குவரத்தை நிறுத்தி, அதன் குறுக்கே உருட்டிக்கொண்டு போய் அருங்காட்சியகத்தின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஐம்பது வருடம் வெயிலிலும் பனியிலும் நின்றது. 2004-ல் தரைக்கு அடியில் கட்டிய தனிக் கூடத்துக்குள் இறக்கினார்கள்.

அருங்காட்சியகத்துக்கு வந்தபோது படகின் உள்ளே கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றிவிட்டிருந்தார்கள். டயல், குழாய், கைப்பிடி, எதுவும் இல்லை. அவற்றை முதலில் செய்து கொடுத்த ஜெர்மன் நிறுவனங்களையே அருங்காட்சியகத்தினர் கேட்டார்கள். தோற்ற நாட்டிடம் கேட்கிறோமே, பதில் வருமா என்ற சந்தேகத்தோடுதான் கேட்டிருப்பார்கள். நிறுவனங்கள் பாகங்களை இலவசமாகவே அனுப்பின. எங்கள் படகு உங்களிடம் இருப்பதில் எங்களுக்கு வருத்தம்தான், ஆனால் வருடக்கணக்கில் அங்கே நிற்கப் போகிறது என்பதால், பார்ப்பவர்கள் ஜெர்மன் தொழில்நுட்பத்தைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்ற பொருளில் பதிலும் வந்தது.